பழைய லேப்டாப் வாங்கியாச்சு, டிரைவர் எங்கே? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒருவராவது ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது, ஐடி கம்பெனி கழித்துக்கட்டியது, மச்சான் கொடுத்தது என்று கதை வேறு வேறாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "விண்டோஸ் புதுசா போட்டேன், வைஃபை காணோம், சவுண்டு காணோம், என்ன பண்றது?" காணாமல் போனது டிரைவர், அதாவது வைஃபை, சவுண்டு போன்ற ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள். ஒவ்வொரு முறையும் டீ குடித்துக்கொண்டே சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். டெல், எச்பி, லெனோவோ ஆபீஸ் மாடல்களும் விண்டோஸ் 10, 11-உம்தான் மனதில். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுகிறவர்களுக்குக் கீழே ஒரு கேள்வி உண்டு.

மூடியிலேயே பெயர் போட்டிருக்கிறதே, அது போதாதா?

போதாது. அது வீட்டுப் பெயர் மாதிரி, அந்த வீட்டில் யார் என்று சொல்லாது. எச்பியின் எலைட்புக் 840 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜி1 என்றால் இன்டெல் 4ஆம் தலைமுறை, ஜி3 என்றால் 6, ஜி5 என்றால் 8. மூன்றுக்கும் டிரைவர் தனித்தனி. லெனோவோ எக்ஸ்1 கார்பன் இன்னும் மோசம். 2014இல் வந்ததற்கும் 2015இல் வந்ததற்கும் பெயர் ஒன்றே. அடியில் மெஷின் டைப் 20ஏ7, 20ஏ8 என்றிருந்தால் முந்தையது, 20பிஎஸ், 20பிடி என்றிருந்தால் பிந்தையது. லெனோவோவின் திங்க்பேட் டி450-ஐயும் டி450எஸ்-ஐயும் ஒன்றென்று நினைத்து டிரைவர் இறக்கியவர்கள் ஏராளம், அந்த ஒற்றை எஸ் வேறு மெஷின்.

ஆகவே லேப்டாப்பைத் திருப்பிப் போடுங்கள். டெல் என்றால் சர்வீஸ் டேக், எழுத்தும் எண்ணும் கலந்து ஏழு இலக்கம். எச்பி என்றால் சீரியல் நம்பரும் ப்ராடக்ட் நம்பரும். லெனோவோ என்றால் எம்டி என்று தொடங்கும் இடத்தில் உள்ள நான்கு இலக்க மெஷின் டைப். ஏசர், ஆசுஸ் என்றால் மாடல் நம்பர் முழுதாக, கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகள் உட்பட. பேட்டரி கழற்றுகிற மாடலாக இருந்தால் ஸ்டிக்கர் பேட்டரிக்குக் கீழே ஒளிந்திருக்கலாம். கண்ணால் படித்து எழுதாதீர்கள், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், 8-ஐயும் பி-யையும், 5-ஐயும் எஸ்-ஐயும் மாற்றி அடித்துவிட்டு "இப்படி ஒரு மெஷினே இல்லை என்கிறதே" என்று புலம்புவதுதான் வழக்கம்.

ஸ்டிக்கர் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. இப்போது?

மெஷினையே கேட்கலாம். ஆன் செய்தவுடன் பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன்பே ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) போங்கள். டெல், ஏசர், ஆசுஸ் எல்லாம் எஃப்2, திங்க்பேட் எஃப்1, எச்பி என்றால் எஸ்கேப் அடித்ததும் ஒரு மெனு வரும், அதில் எஃப்1 சிஸ்டம் இன்ஃபர்மேஷன். லெனோவோ ஐடியாபேட் பலவற்றில் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், மெஷின் அணைந்திருக்கும்போது உள்ளே குத்தினால் பயாஸுக்குப் போகும் மெனு வரும்.

விண்டோஸுக்குள் இருந்துகொண்டே பார்க்க, விண்டோஸ் பட்டனும் ஆர்-உம் சேர்த்து அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று அடியுங்கள். மாடல், பயாஸ் பதிப்பு, போர்டு பெயர் எல்லாம் வரும், சீரியல் நம்பர் மட்டும் வராது. அதற்கு விண்டோஸ் 10இல் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து "டபிள்யூஎம்ஐசி பயாஸ் கெட் சீரியல்நம்பர்" என்று அடிக்கலாம். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் இந்தக் கட்டளையைத் தூக்கிவிட்டார்கள், பேசாமல் பயாஸுக்கே போய்விடுங்கள்.

ஸ்டிக்கர் ஒன்று சொல்கிறது, பயாஸ் வேறொன்று சொல்கிறது. யாரை நம்புவது?

பயாஸை. ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது அடி மூடியில், மூடி எந்த மெஷினிலிருந்தும் வந்திருக்கலாம்.

இதில் நானே ஒரு முறை ஏமாந்தேன். நண்பன் கொண்டுவந்த ஒரு மெஷின், இரண்டு தலைமுறை போர்டுகள் ஒரே உடம்பில் வந்த மாடல். ஸ்டிக்கரில் இருந்த நம்பரைப் போட்டேன், கம்பெனி தளமும் அழகாகப் பட்டியல் கொடுத்தது, ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டால் பாதி டிரைவர் உட்காரவில்லை, கிராஃபிக்ஸ் டிரைவர் "இந்தக் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது" என்று திரும்பத் திரும்ப முகத்தில் அறைந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போனது. கடைசியில் பயாஸைத் திறந்தால் சீரியல் நம்பரே வேறு. உடைந்த அடி மூடிக்குப் பதிலாக யாரோ இன்னொன்றின் மூடியை மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஸ்டிக்கரின் ஒரு ஓரம் மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்ததை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

பயாஸில் சீரியல் நம்பர் காலியாகவோ இன்வாலிட் என்றோ இருந்தால், போர்டு மாற்றியிருக்கிறார்கள், மாற்றியவர் நம்பரை எழுத மறந்துவிட்டார் என்று அர்த்தம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சீரியல் நம்பர் வழியாகத் தேட முடியாது, கீழே சொல்லும் ஹார்டுவேர் ஐடிதான் வழி.

வைஃபையே வேலை செய்யவில்லை. நெட் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது?

ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போன் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை (போனின் நெட்டைக் கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டும் அதை ஒரு நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் டிரைவர் எதுவும் கேட்காது. சார்ஜ் மட்டும் ஏற்றும் மட்டமான கேபிளாக இருந்தால் டெதரிங் ஆப்ஷனே மங்கலாக இருக்கும், கேபிளை மாற்றுங்கள். ஐபோன் என்றால் அதற்கு ஆப்பிளின் டிரைவர் வேண்டும், ஆக அது உதவாது. நெட் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஒரு அரை மணி நேரம் ஓட விடுங்கள், அதிலுள்ள ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியையும் திறந்து பாருங்கள். பாதி மெஷின்களுக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும், மீதியைப் படிக்கத் தேவையில்லை.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் போட்டு அன்னோன் டிவைஸ் என்று நிற்கிறது. அது என்ன என்று எப்படித் தெரியும்?

டிவைஸ் மேனேஜர் என்பது மெஷினின் பாகங்களை விண்டோஸ் பட்டியலிடும் இடம். அங்கே அந்த அன்னோன் டிவைஸ் மேல் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், டீடெயில்ஸ், அங்கே உள்ள பட்டியலில் ஹார்டுவேர் ஐடீஸ். எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வரி வரும். பார்த்ததும் மூடிவிடாதீர்கள், ஒரு ஊர்க்காரர் தன் ஊர், தெரு, கதவு எண் எல்லாம் சொல்வது மாதிரிதான் அது. 'வென்' என்பதற்குப் பின்னால் வரும் நான்கு இலக்கம் சிப் செய்த கம்பெனி. 'டெவ்' என்பதற்குப் பின்னால் வரும் நான்கு இலக்கம் எந்தச் சிப் என்பது.

8086 என்றால் இன்டெல் (அவர்களுடைய பழைய பிராசஸர் நம்பரையே வைத்துக்கொண்டார்கள், குறும்புதான்). 1022-உம் 1002-உம் ஏஎம்டி, இரண்டாவது கிராஃபிக்ஸ் பக்கம். 10டிஇ என்விடியா. 10இசி ரியல்டெக். 14இ4 பிராட்காம். 168சி ஏதெராஸ். உதாரணமாக வென் 8086, டெவ் 095ஏ என்று வந்தால் அது இன்டெல் 7265 வைஃபை கார்டு, 2015 வாக்கில் வந்த ஆபீஸ் லேப்டாப்புகளில் நிறையப் பார்க்கலாம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துக் கூகுளில் போட்டாலே பெயர் வந்துவிடும்.

அதே வரியில் 'சப்சிஸ்' என்று ஒன்று வரும், எட்டு இலக்கம். பிசிஐ என்று தொடங்கும் ஐடியில் அந்த எட்டில் கடைசி நான்கைப் பாருங்கள்: 1028 டெல், 103சி எச்பி, 17ஏஏ லெனோவோ, 1025 ஏசர், 1043 ஆசுஸ், 1179 தோஷிபா. ஸ்டிக்கர் இல்லை, சீரியல் இல்லை, மூடியில் லோகோவைக்கூடச் சுரண்டிவிட்டார்கள் என்றாலும் போர்டு எந்த வீட்டுப் பிள்ளை என்பதை இது காட்டிக்கொடுத்துவிடும்.

யுஎஸ்பி வழியாக மாட்டியிருக்கும் வெப்கேம், ப்ளூடூத், கைரேகை சென்சார் போன்றவற்றில் வென், டெவ் இருக்காது, விட், பிட் என்றிருக்கும். தேடும் முறை அதேதான்.

எண்ணெல்லாம் வேண்டாம், பெயரைப் பார்த்தே சொல்ல முடியாதா?

சிலவற்றை முடியும், ஏனென்றால் திரும்பத் திரும்ப அதே ஆட்கள்தான் வருவார்கள். பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர் என்று வந்தால் தொண்ணூறு பங்கு இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின், போர்டுக்குள் தனியாக ஓடும் ஒரு குட்டி நிர்வாகக் கம்ப்யூட்டர். மோடம் என்று நினைத்துத் தேடி அலையாதீர்கள். அதற்குப் பக்கத்திலேயே பிசிஐ சீரியல் போர்ட் நின்றால் அதுவும் அதே குடும்பம், ஒரே டிரைவர் தொகுப்பில் வரும். எஸ்எம் பஸ் கன்ட்ரோலர் என்றால் சிப்செட் (போர்டில் பாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் சிப்) டிரைவர். பேஸ் சிஸ்டம் டிவைஸ் என்றால் பெரும்பாலும் மெமரி கார்டு ரீடர். நெட்வொர்க் கன்ட்ரோலர் வைஃபை, ஈதர்நெட் கன்ட்ரோலர் கேபிள் போர்ட். டிஸ்ப்ளே பகுதியில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்றிருந்தால் முக்கோணம் இல்லாவிட்டாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் போடவில்லை என்று அர்த்தம், வெளிச்சத்தைக் கூட்டக் குறைக்க முடியவில்லை என்று புகார் வருவது இதனால்தான்.

ஐடி ஏசிபிஐ என்று தொடங்குகிறது, வென், டெவ் எதுவுமே இல்லையே?

இவை லேப்டாப் கம்பெனி தானாகச் சேர்த்த சில்லறைச் சமாச்சாரங்கள், அந்தக் கம்பெனி தளத்தில்தான் கிடைக்கும். எஸ்எம்ஓ8800 என்று வந்தால் டெல்லில் லேப்டாப் கீழே விழுவதை உணரும் சென்சார். ஹெச்பிகியூ0004 என்றால் எச்பியில் அதே வேலை செய்யும் 3டி டிரைவ்கார்டு. சுழலும் ஹார்டு டிஸ்க்கின் தலையைத் தரையில் மோதும் முன்பே தூக்கி நிறுத்துவதற்காக வைத்தது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போட்டுவிட்டீர்களா? இந்த டிரைவர் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. விபிசி2004 என்றால் லெனோவோ ஐடியாபேடின் பவர் மேனேஜ்மென்ட் சமாச்சாரம், அதைப் போடுங்கள்.

எந்த வரிசையில் போட வேண்டும்?

முதலில் சிப்செட், பிறகு மேனேஜ்மென்ட் எஞ்சின், பிறகு கிராஃபிக்ஸ், அப்புறம் மற்றவை. இன்டெல்லும் என்விடியாவும் சேர்ந்திருக்கும் மெஷினில் இன்டெல் கிராஃபிக்ஸை முதலில் போடுங்கள். இன்டெல் தளத்திலிருந்து இறக்கிய கிராஃபிக்ஸ் டிரைவர் இந்தக் கம்ப்யூட்டருக்குச் சரிபார்க்கப்படவில்லை என்று மறுத்தால் சண்டை போடாமல் லேப்டாப் கம்பெனி தளத்தில் இருப்பதையே போடுங்கள், கொஞ்சம் பழசாக இருந்தாலும் பரவாயில்லை.

டிரைவர் எல்லாவற்றையும் தானே தேடிப் போடும் மென்பொருள் இருக்கிறதே?

வேண்டாம். ஸ்கேன் செய்யும்போது "37 டிரைவர் பழசு" என்று சிவப்பில் பயமுறுத்தும், இறக்க காசு கேட்கும், இல்லாவிட்டால் கூடவே நாலு குப்பையை இறக்கிவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டச்பேடுக்கு வேறு கம்பெனி டிரைவரைப் போட்டு, கர்சரே நகராமல் போன மெஷின் என் மேஜைக்கு வந்திருக்கிறது. லேப்டாப் கம்பெனிகளே தரும் கருவிகள் வேறு விஷயம், டெல்லின் சப்போர்ட்அசிஸ்ட், எச்பி சப்போர்ட் அசிஸ்டென்ட், லெனோவோ சிஸ்டம் அப்டேட் ஆகியவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், வேலை முடிந்ததும் நீக்கிவிட்டாலும் சரி.

கம்பெனி தளத்தில் விண்டோஸ் 7, 8-க்குத்தான் டிரைவர் இருக்கிறது. என்ன செய்ய?

விண்டோஸ் 10-க்கு எழுதிய டிரைவர் 11இல் அநேகமாக அப்படியே ஓடும். 8.1-க்கு எழுதியதும் பல நேரம் 10இல் ஓடும். 64 பிட் டிரைவர்தானா என்று மட்டும் பாருங்கள், விண்டோஸ் 11இல் 32 பிட் என்பதே கிடையாது. அதுவும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்று ஒரு தளம் உண்டு, தேடும் பெட்டியில் ஹார்டுவேர் ஐடியின் வென், டெவ் பகுதியை ஒட்டினால் போதும். கேப் என்ற சுருக்கிய கோப்பாக இறங்கும், 7-ஜிப் கொண்டு ஒரு ஃபோல்டரில் பிரித்து, டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் கொடுத்து, "என் கம்ப்யூட்டரில் தேடு" என்ற வழியில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள்.

தோஷிபா வைத்திருப்பவர்கள் டைனாபுக் என்று தேடுங்கள், 2019இல் பெயர் மாறிவிட்டது. பழைய காம்பாக் என்றால் எச்பி தளம்.

டிரைவர் கிடைப்பது ஒரு பக்கம், விண்டோஸ் 11-ஐ அதிகாரபூர்வமாக ஏற்பது வேறு. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே 4ஆம் தலைமுறை மெஷினை "மலிவாகக் கிடைக்கிறது" என்று இன்று வாங்குவதற்கு முன் லினக்ஸ் உங்களுக்குச் சரிப்படுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் போடும்போதே எஸ்எஸ்டி தெரியவில்லை. செத்துப்போய்விட்டதா?

இன்டெல் 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய மெஷினா? அப்படியானால் சாகவில்லை, விஎம்டி என்ற இன்டெல்லின் டிஸ்க் நிர்வாக அமைப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. லேப்டாப் கம்பெனி தளத்தில் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, பென் டிரைவில் ஃபோல்டராகப் போட்டு, விண்டோஸ் நிறுவும்போது லோட் டிரைவர் கொடுங்கள். இஎக்ஸ்இ கோப்பாகவே வைத்தால் எடுக்காது. பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் தெரியும், ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் அப்படிச் செய்தால் அந்த விண்டோஸ் எழாமல் போகலாம்.

லினக்ஸ் போட்டால் இந்தத் தொல்லை இல்லையா?

பெரும்பாலும் இல்லை, டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடேயே வந்துவிடும். எது எது இருக்கிறது என்று பார்க்க "எல்எஸ்பிசிஐ" அடித்து, இடம் விட்டு, -என்என்கே சேருங்கள், சிப் பெயர், அதே நான்கு நான்கு இலக்க எண்கள், எந்த டிரைவர் ஓடுகிறது என்பது வரை ஒரே இடத்தில் வந்துவிடும். யுஎஸ்பிக்கு எல்எஸ்யுஎஸ்பி. சொல்லப்போனால், விண்டோஸ் போடப்போகிறவர்கள்கூட உபுண்டு என்ற லினக்ஸை பென் டிரைவிலிருந்தே ஒரு முறை நிறுவாமல் லைவ்வாக ஏற்றி இதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். தகராறு செய்வது பிராட்காம் வைஃபை, அதற்குத் தனியாக டிரைவர் போட வேண்டியிருக்கும், போடுவதற்கு முதலில் நெட் வேண்டும், போன் டெதரிங் இங்கேயும் கைகொடுக்கும்.

டிரைவரோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் வைஃபை கார்டையே மாற்றிவிடலாமா?

நல்ல யோசனைதான், சில நூறு ரூபாய் வேலை. ஆனால் பழைய திங்க்பேடுகளிலும் எச்பிகளிலும் பயாஸ் ஒரு அனுமதிப் பட்டியல் வைத்திருக்கும். அதில் இல்லாத கார்டை மாட்டினால் திங்க்பேடில் 1802 என்றும், எச்பியில் 104 என்றும் பிழை காட்டி மேற்கொண்டு நகராது. வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு இந்தப் பட்டியல் உண்டா என்று தேடுங்கள்.

இன்னும் வாங்கவில்லை. கடையிலேயே என்ன பார்க்க வேண்டும்?

முதலில் பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் மெஷினைக் கீழே வைத்துவிடுங்கள், "அது ஒண்ணுமில்ல சார், எடுத்துடலாம்" என்று சொன்னால் எடுத்துக் காட்டிய பிறகு காசு கொடுங்கள்.

கம்பெனியிலிருந்து வந்த மெஷினில் இன்னொரு வில்லங்கம் உண்டு, ஆட்டோபைலட், அதாவது கம்பெனி தன் மெஷினை மைக்ரோசாஃப்டிடம் பதிந்து வைக்கும் முறை. புதிதாக விண்டோஸ் போட்டு நெட்டில் இணைத்ததும் முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அவர்களுடைய லாகின் கேட்கும். அந்தப் பதிவு உங்கள் டிஸ்க்கில் இல்லை, மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கிறது, ஃபார்மட் செய்து பயனில்லை, அந்தக் கம்பெனிதான் நீக்க வேண்டும். ஆகவே விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, சாதாரண செட்டப் வருகிறதா என்று அங்கேயே பாருங்கள். அரை மணி நேரம் ஆகும், கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பேட்டரிக்கு, கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, இடம் விட்டு, ஸ்லாஷ் போட்டு பேட்டரிரிப்போர்ட் என்று அடியுங்கள். வரும் அறிக்கையில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள், 50,000-க்கு 20,000 நின்றால் பேட்டரி விலையைக் கழித்துப் பேசலாம். டிஸ்க்குக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும்.

அரசு கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் கிடக்கிறது. அதற்கும் இதே முறைதானா?

அதேதான். 2011இலிருந்து பல வருடம் பல கம்பெனிகளிடம் வாங்கிக் கொடுத்தார்கள், ஆகவே "கவர்ன்மென்ட் லேப்டாப் டிரைவர்" என்று தேடினால் கண்டதும் வரும். அடியில் உள்ள மாடல் நம்பரை வைத்துத் தேடுங்கள்.

ஒரு வழியாக எல்லாம் போட்டாச்சு. அடுத்த முறை இந்தப் பாடு படாமல் இருக்க?

டி டிரைவில் டிரைவர்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பிஎன்பியுட்டில், இடம், ஸ்லாஷ் எக்ஸ்போர்ட்-டிரைவர், இடம், நட்சத்திரக் குறி, இடம், அந்த ஃபோல்டரின் பாதை. எக்ஸ்போர்ட்டுக்கும் டிரைவருக்கும் நடுவில் உள்ள சிறு கோட்டை விட்டுவிடாதீர்கள். தனியாகப் போட்ட டிரைவர்கள் அத்தனையும் அங்கே வந்து உட்காரும். அதை ஒரு பென் டிரைவில் எடுத்து, பயாஸில் பார்த்த சீரியல் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்தப் பென் டிரைவோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். அடுத்து விண்டோஸ் போடும்போது டிவைஸ் மேனேஜரில் அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும்.